பூநாரைப் பக்கம்

“இந்தா, இங்கன ஒரு கஞ்சி. கஞ்சிக்குக் கீழ நண்டு. நண்டு ஒரு சாண் அகலத்துக்கு ஓடுது. அதுக்குக் கீழ ஒன்னுமில்ல. வெறுந் தாரு.”

சண்முகக்கனி கையிலிருந்த குச்சியால், மரத்தைத் தொடாமல், காற்றிலேயே கோடு இழுத்துக் காட்டினாள். குச்சி போன பாதையை மேலேயிருந்த கேமராக்கள் பிடித்தன. அவள் சொன்ன சொல்லை எந்திரம் வாங்கிக்கொண்டது. கொட்டகையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்தது கறுத்த பலகை மட்டும். அவர்கள் எல்லோரும் மஞ்சள் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். குச்சி பிடித்தவர்கள்தான் வெறுங்கண்ணோடு நின்றார்கள்.

“என்னவே ஐகோர்ட்டு, உம்ம தீர்ப்பு என்ன?” என்று திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

ஸ்டூலில் தன் முறைக்காகக் காத்திருந்த ஐகோர்ட் எட்டிப் பார்த்தார். குலசாமி பெயரை வைத்திருந்தார்கள் அவருக்கு. உப்பு மூட்டை சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனுஷர்.

“நண்டு ஒரு சாணுக்கு மேலயே இருக்கு.”

“எஞ்சாணு பெருசு.”

“வாயும்தாம்.”

புதுத் துறைமுகத்துக்காகக் கடலடியைத் தோண்டியபோது சேற்றுக்குள்ளிருந்து வந்தது அந்தக் கப்பல். மரக்கப்பல், பீரங்கி வைக்கும் ஓட்டைகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தன. இருநூற்றைம்பது வருடமாவது ஆகியிருக்கும் என்றார்கள். சேறு மரத்தைக் காப்பாற்றியிருந்தது, பூச்சைத் தின்றுவிட்டிருந்தது. அது யாருடைய கப்பல் என்று ஊருக்குள் நாலு கட்சி. ஒவ்வொரு கட்சியும் தன் கொடியின் நிறத்தைக் கப்பலுக்கு அடித்துப் படம் போட்டு முச்சந்தியில் பேனர் கட்டியிருந்தது. உண்மையான நிறம் தெரிந்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடும் என்று அரசாங்கம் நம்பியது. அதற்காகத்தான் கடற்கரையில் கொட்டகையும் எந்திரமும், எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஆதிலிங்கமும்.

ஆதிலிங்கம் சண்முகக்கனியின் அண்ணன் மகன். அப்பாவும் அம்மாவும் உப்பளத்திலேயே தேய்ந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்கள். படிக்கிற காலம் முழுக்க அத்தை வீட்டுச் சோறு. பழைய பொருட்களின் நிறத்தை ஆராய்கிற படிப்பு ஒன்று உண்டு என்பதே அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவன் வெளிநாடு போய் அதைப் படித்துவிட்டுத் திரும்பியபோது, “பெயிண்டு வேலைக்கா இத்தன வருசம் படிச்ச?” என்று அத்தை கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் பெருமைப்பட்டாள்.

சென்னையிலிருந்து புதிதாக வந்த திட்ட இயக்குநர் வசுந்தரா முதல் நாளே அவனைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு சயின்ஸ் வராது ஆதிலிங்கம். அமைச்சர் கேட்டா ரெண்டு வரியில சொல்லணும். இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“ஊதா நிறத்துக்கு அப்பாலயும் வெளிச்சம் இருக்கு மேடம். நமக்குத் தெரியாது. ஆனா விழித்திரைக்கு அதப் பாக்கற சக்தி உண்டு. கண்ணுல இருக்கற லென்ஸ்தான் அந்த வெளிச்சத்த உள்ள விடாம தடுக்குது.”

“சரி.”

“கண்புரை ஆபரேஷன்ல அந்த லென்ஸ எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. இப்ப வர்ற புது லென்ஸும் அத தடுக்கும். இவங்களுக்கு வச்சது தடுக்காது. ஏதோ ஒரு இலவச முகாம்ல பழைய சரக்க வச்சி விட்டுட்டாங்க.”

“இத்தனை பேருக்கும் கண்புரையா? பலருக்கு வயசே ஆகலையே.”

“உப்பளம் மேடம். வெயில் மேல இருந்தும் அடிக்கும், உப்புல பட்டு கீழ இருந்தும் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டா உப்பு பூத்திருக்கறது தெரியாதுன்னு கங்காணி போட விடமாட்டான்.”

வசுந்தரா விளக்கை அண்ணாந்து பார்த்தார். அதன் முகத்தில் கறுப்புக் கண்ணாடி. எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. சுவிட்சு ஆதிலிங்கத்தின் மேசைக்கு அடியில் இருந்தது.

“மரத்துல ஒரு திரவம் பூசியிருக்கோம்” என்றான் அவன். “பூச்சு போயிட்டாலும் அதோட கறை மரத்துக்குள்ள இருக்கும். விளக்கு போட்டா ஒவ்வொரு கறையும் ஒவ்வொரு விதமா அந்த வெளிச்சத்தத் திருப்பித் தரும்.”

“அதை கேமராவே எடுக்குமே?”

“எடுக்கும். ஆனா புழு தின்ன குழி, தாரு, உப்பு, சேறு எல்லாமும் அதே வெளிச்சத்தத்தான் திருப்பித் தருது. எந்திரத்துக்கு எது கோடு, எது அழுக்குன்னு தெரியல. மனுஷக் கண்ணு பாத்த உடனே சொல்லிரும். இவங்க சொல்லச் சொல்ல எந்திரம் கத்துக்குது.”

“அந்தக் கஞ்சி, நண்டு?”

“அந்த நிறத்துக்கெல்லாம் எந்தப் பாஷையிலயும் பேரு இல்ல மேடம். இவங்களே வச்சிக்கிட்டாங்க. கொஞ்சூண்டு பூச்சு ஒட்டியிருந்த ரெண்டு பலகைய வச்சி நாங்க சரிபாத்துட்டோம். கஞ்சின்னு சொல்ற இடம் பச்சை. நண்டுன்னா சிவப்பு. மின்மினின்னா மஞ்சள்.”

வசுந்தரா தலையாட்டினார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல, “நம்ம கண்ணுல இருக்கற லென்ஸ் எதுக்கு அதைத் தடுக்குது?” என்றார்.

“பின்னால இருக்கறது கருகாம இருக்க.”

சொன்ன பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. வசுந்தரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவாத்தான் போடுறோம்” என்றான்.

“அப்ப சரி” என்றார் அவர்.

இந்த யோசனை அவனுக்கு வந்தது ஒரு பரோட்டாக் கடையில். கல்லாவுக்கு மேல் பூச்சி கொல்லும் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை பரோட்டாவைப் பிய்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏ ஆதி, அந்த வெளக்க எங்கன வாங்குனான்? என்னா நெறம்! தேன அப்பிடியே பத்தவச்ச மாதிரி.” அவனுக்குத் தெரிந்தது மங்கலான நீலம் மட்டும். அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது. சாப்பிட்டு முடிக்கும் முன் திட்டத்தின் பாதி மனதில் எழுதியாகிவிட்டது. ‘அந்த வெளக்கப் பாக்காத அத்தே, கண்ணுக்கு ஆவாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம், இன்னும் எத்தனை பேருக்கு அந்த முகாமில் ஆபரேஷன் நடந்தது என்பதுதான்.

அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. நிழலில் வேலை, மின்விசிறி, இரண்டு வேளை டீ, உட்கார ஸ்டூல். உப்பு வாருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். “கண்ணுக்கு ஒன்னும் ஆவாதே தம்பி?” என்று ஐகோர்ட் மட்டும் கேட்டார். “ஒன்னும் ஆவாது அண்ணாச்சி” என்றான் ஆதிலிங்கம். அதைச் சொன்னபோது அவன் அந்த வெளிச்சத்தைத் தடுக்கிற மஞ்சள் கண்ணாடி மாட்டியிருந்தான்.

கப்பலின் இரு பக்கங்களும் முடிவதற்குள் எந்திரம் நன்றாகக் கற்றுக்கொண்டது. குச்சி பிடித்தவர்களை ஒவ்வொருவராக உப்புப் பாத்திக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார் வசுந்தரா. மிச்சம் இருந்தது கப்பலின் பின்புறம். அதில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை பூசியிருந்தார்கள். எந்திரம் அங்கே திணறியது. விளக்கின் அளவையும் கூட்ட வேண்டியிருந்தது. அந்த வேலைக்குச் சண்முகக்கனியையும் ஐகோர்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒருவர் சொல்வதைக் கேட்டு ஒருவர் சொல்லிவிடக் கூடாது என்று வசுந்தரா பிரித்துவிட்டார். காலையில் சண்முகக்கனிக்கு இடப்பாதி. சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்குப் போன பிறகு ஐகோர்ட்டுக்கு வலப்பாதி.

தொடங்கிய வாரத்திலேயே டாக்டர் ஸ்டெல்லா அவனைக் கூப்பிட்டனுப்பினார். நகரத்தில் சின்னதாகக் கண் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். சண்முகக்கனி ஆபரேஷன் ஆகாத இன்னொரு கண்ணின் புரையைக் காட்ட அங்கே போயிருந்தாள்.

“இடது கண்ணு புரைய விடுங்க. அத எடுத்துரலாம். வலது கண்ணுதான் விஷயம். நடுவுல ஒரு பொட்டு விழுந்திருக்கு.”

“பொட்டுன்னா?”

“நீங்க படிச்சவரு. நான் விளக்கணுமா? வெல்டிங் பட்டறையில கண்ணாடி போடாம நிக்கறவனுக்கு வருமே, அது மாதிரி. இப்ப கடுகளவு இருக்கு. இதோட நிறுத்துனா இப்படியே நிக்கும். அந்த வெளக்கு முன்னால இன்னும் நின்னாங்கன்னா நடுப்பார்வை போயிரும். எதிர்ல நிக்கற ஆளு மூஞ்சி தெரியாது. ஓரம் மட்டுந்தான் தெரியும்.”

“ஆபரேஷன்?”

“கருகுனதுக்கு என்ன ஆபரேஷன்?” ஸ்டெல்லா அவனை உற்றுப் பார்த்தார். “எத்தன பேரு சார் அந்த வெளக்குல நின்னாங்க? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

“பின்பக்கம் மட்டும் முடியட்டும் டாக்டர். கூட்டிட்டு வாரேன்.”

அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் அத்தையிடம் பேச்சை எடுத்தான்.

“அத்தே, போதும். நாளைலேர்ந்து வராண்டாம்.”

“ஏம்ல? அந்தம்மா எதுவும் சொல்லிச்சா?”

“கண்ணுல பொட்டு விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்லுது.”

“எங்கிட்டயும்தாம் சொல்லுச்சு. பாத்தியில கெடந்தா மட்டும் கண்ணு பூத்துக் குலுங்குமா? அதுல ஒரு கண்ணு போச்சு. இன்னொன்னு போவுது. அதுக்கு ஒரு பய பதில் சொல்லுதானா?” டீயை ஊதிக் குடித்தாள். “எங்காலப் பாரு.”

அவன் பார்க்கவில்லை. அவளுடைய பாதங்களில் உப்பு அறுத்த வெடிப்புகள் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“இந்தப் பங்குனியிலதாம் அந்தப் புண்ணு ஆறியிருக்கு. எம்புள்ள கல்யாணத்துக்குக்கூடச் செருப்பு போட முடியாம இருந்தவ நானு. இப்பப் போட்டு நடக்கேன். ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ங்கான் வாசல்ல நிக்க வாட்ச்மேன். நீ என்னன்னா பாத்திக்குப் போன்னு சொல்லுத.”

“வீட்ல இரி. நான் பாத்துக்கிடுதேன்.”

“உம் பொண்டாட்டி பாத்துக்கிடுவாளா?” சிரித்தாள். “இன்னொன்னு சொல்லுதேன் கேளு மருமவனே. அந்த நெறம் இருக்கு பாரு, அத ஒலகத்துல நாங்க கொஞ்சப் பேருதாம் பாத்திருக்கோம். நீ பாக்கல. அந்தம்மா பாக்கல. மந்திரி வந்தாலும் பாக்க முடியாது. அத விட்டுட்டு வரச் சொல்லாத.”

அவன் வசுந்தராவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை நிற்கும். ஒன்றும் ஆகாது என்று எழுத்துப்பூர்வமாகச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். திருப்பி அனுப்பிய அத்தனை பேரின் கண்ணையும் யாராவது சோதிப்பார்கள். மூன்று நாள் யோசித்தான். அந்த மூன்று நாளும் விளக்கு எரிந்தது.

நான்காம் நாள் காலை அவன் சுவிட்சைப் போடவில்லை.

கணக்கு எளிது. விளக்கு எரியவில்லை என்றால் அவளுக்கு எதுவும் தெரியாது. ‘ஒன்னும் தெரியல’ என்பாள். கண் போய்விட்டது என்று அவளே நினைத்துக்கொள்வாள். வசுந்தரா டிபன் கேரியர் கொடுத்து அனுப்பிவிடுவார். யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கண் போய்விட்டது என்று ஒரு பொம்பளை பயந்துபோய் அழுவாளே என்பதை அவன் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் செய்தான்.

சண்முகக்கனி குச்சியை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“என்னம்மா, தெரியலையா?” என்றார் வசுந்தரா.

ஆதிலிங்கம் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“இரிங்கம்மா, கண்ணு பழகட்டும்” என்றாள் சண்முகக்கனி. பிறகு குச்சியைத் தூக்கினாள். “ஆங். இந்தா. இங்கன ஒரு மின்மினி. வளைஞ்சி போவுது.”

குச்சி காற்றில் வளைந்தது. கேமராக்கள் அதைப் பிடித்தன.

“மின்மினிக்கு மேல நண்டு. சின்னச் சின்ன நண்டா. வரிசையா... கழுத்து மாதிரில்லா இருக்கு!”

“கழுத்தா?” வசுந்தரா நெருங்கி வந்தார்.

“பறவைம்மா. ஒத்தக்கால்ல நிக்கி. ஒன்னு, அதுக்குப் பின்னால இன்னொன்னு. எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கி.”

“கால் எவ்வளவு நீளம்?”

“ஒடம்பவிட நீளம். குச்சி கணக்கா.”

“பூநாரை!” வசுந்தரா கையைத் தட்டினார். “ஆதிலிங்கம், கேட்டீங்களா? போர்க்கப்பல்ல பூநாரை!”

ஆதிலிங்கம் கேட்டான். மேசைக்கு அடியில் கையை விட்டு, சுவிட்சைத் தடவிப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. கடல்நீரைத் தேக்கிவைக்கும் தெப்பத்துத் தண்ணீர் சிவந்து கிடக்கிற மாதங்களில் உப்பளத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். அவன் சின்னப் பையனாக இருந்தபோது வரப்பில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். அவள் பாத்தியிலிருந்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பாள். வேறு பார்க்க அங்கே என்ன இருந்தது.

பயந்துபோயிருக்கிறாள், அதனால் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கண் போனது தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எழுந்து நின்று நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். எந்த ஆராய்ச்சிக்காரனும் சொல்வான்.

ஆனால் இன்னொன்றும் புரிந்தது. அவள் இப்படியே சொல்லிக்கொண்டிருக்கட்டும். விளக்கு அணைந்தே இருக்கும். கண்ணில் பொட்டு கடுகளவிலேயே நிற்கும். நிழல் கிடைக்கும், செருப்பு கிடைக்கும். கெடுவது ஒரு கப்பல்தான். செத்தவர்களின் கப்பல்.

கேமராப் படங்களைச் சரிபார்க்கிறவன் அவன் மட்டும்தான். அப்படியே விட்டான்.

ஆனால் பாதிக் கப்பலாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. படித்த படிப்பு அவனை அந்த அளவுக்காவது உறுத்தியது. அதனால் மத்தியானம் ஐகோர்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டான். கூட்டிய அளவிலேயே போட்டான்.

ஐகோர்ட் பார்த்ததைச் சொன்னார். “கஞ்சி. கஞ்சி. இதுவும் கஞ்சி. நடுவால நண்டுப் பட்டை. கீழ தாரு.” சாயங்காலம் வரைக்கும் அதுதான். பூ இல்லை, பறவை இல்லை. சண்டைக்குப் போகிற கப்பலை எவன் அலங்கரித்தான். அழுகாமல் இருக்கப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவே.

“வேற எதுவும் தெரியலையா ஐயா? பறவை மாதிரி?” வசுந்தரா கெஞ்சாத குறை.

“பறவையா? இல்லம்மா. பலகைதாம்.”

சில நாளில் ஐகோர்ட்டின் தலை சாய ஆரம்பித்தது. பலகையை நேராகப் பார்க்காமல், சுவரைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். ஆதிலிங்கம் அதைப் பார்த்த முதல் நாளே என்னவென்று தெரிந்துகொண்டான்.

“என்ன அண்ணாச்சி, கழுத்து வலியா?”

“ஆமா தம்பி. பழைய மூட்டச் சொமை” என்றார் ஐகோர்ட், அவசரமாக. அவருக்கும் டிபன் கேரியர் பயம்.

இரண்டு பேருக்கும் அந்தப் பொய் தோதாக இருந்தது. விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் பலகைதான் பாக்கி என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டான்.

திறப்பு விழா தை மாதத்தில் நடந்தது. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. மரத்தின் மேல் வெளிச்சத்தால் நிறம் போட்டிருந்தார்கள். அமைச்சர் பொத்தானை அழுத்தியதும் கறுத்த மரம் பச்சையும் சிவப்புமாக எழுந்து நின்றது. கூட்டம் விசிலடித்தது. எந்தக் கட்சிக் கொடியும் அதில் இல்லை. பச்சை இருந்ததால் ஒரு கட்சியும், சிவப்பு இருந்ததால் இன்னொரு கட்சியும் தங்களுடையதுதான் என்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்புறத்தில்தான் நெரிசல். இடப்பாதியில் பூநாரைகள் வரிசையாக ஒற்றைக்காலில் நின்றன. கழுத்துகள் சிவந்து, மஞ்சள் அலைகள் காலை நனைக்க, அவ்வளவு அழகு. வலப்பாதி வெறும் பச்சைப் பலகையும் ஒரு சிவப்புப் பட்டையும். இரண்டு பாதியும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்குப் பேராசிரியர் ஒருவர் மைக்கில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் கரையைப் பார்த்து நிற்குமாம், அதனால் அலங்காரம். வலப்பக்கம் பகைவனைப் பார்த்து நிற்குமாம், அதனால் எளிமை. கூட்டம் கை தட்டியது. எல்லோரும் பூநாரைகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வலப்பாதியின் முன்னால் யாருமில்லை.

ஐகோர்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் சண்முகக்கனி, புதுச் சேலையில். இடது கண்ணின் புரையை ஸ்டெல்லா எடுத்து, தடுக்கிற லென்ஸாகப் பார்த்து வைத்திருந்தார். அவள் முகம் தெளிவாக இருந்தது.

ஆதிலிங்கம் அருகில் வந்ததும் ஐகோர்ட் தலையைச் சாய்த்து, அவன் காதைத் தாண்டி எங்கோ பார்த்தபடி, “யாரு, தம்பியா?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“நான் கஞ்சின்னு சொன்ன எடமெல்லாம் பச்சையா வந்திருக்காய்யா? எனக்கு நடுவுல ஒரு ஓட்டையாத் தெரியுது. எங்கன பாத்தாலும் அந்த ஓட்டையும் கூடவே வருது. ஓரத்துல என்னமோ பச்சையா இருக்கு. சரியா வந்திருக்கா?”

“சரியா வந்திருக்கு அண்ணாச்சி. அப்படியே வந்திருக்கு.”

“அப்பச் சரி.” அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். “எம்பேத்திய வரச் சொல்லியிருக்கேன். வந்தா எம்பக்கத்தக் காட்டணும். ஏ தாயி, நீ நல்லா வரைஞ்சிட்ட போலுக்கே, சனம் பூரா அங்கன நிக்கி.”

சண்முகக்கனி ஐகோர்ட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆதிலிங்கத்தின் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அந்த மனுசனுக்கு எப்பலேர்ந்து இப்பிடி?”

“பின்பக்கம் பாக்கும்போது.”

“பின்பக்கம் பாக்கும்போது, மொத வாரம் போவ, வெளக்கு ஏது?”

அவன் அவளைப் பார்த்தான்.

“என்னல பாக்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கண்ணுல பொட்டு விழுந்தா நடுவுலதாம் இருட்டு. டாக்டரம்மா வெளங்க வச்சிருக்கு. ஓரத்துல வெளிச்சம் தெரியணும்லா? அன்னைக்குக் காலைல ஓரமும் இருட்டு, நடுவும் இருட்டு. வெளக்கே இருட்டு. எம் மருமவன் அணைச்சிருக்கான், எங்கண்ணக் காப்பாத்துதான், வாயத் திறந்து சொல்லப் பயப்படுதான்னு புரிஞ்சிக்கிட்டேன். சரி, அவன் செய்யத நாம கெடுக்காண்டாம்னுதாம் பறவ வரைஞ்சேன்.”

அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இரைந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவருக்கும் அணைச்சிருப்பன்னுதாம் இருந்தேன். ரெண்டு பேரையும்தான ஒருமிக்க வச்ச. கஞ்சி, நண்டு, கஞ்சி, நண்டுன்னே மனுசன் சொல்லிட்டுத் திரியிதாரே, இவருக்கு ஒரு பொய்கூட உருப்படியா வரலியேன்னு வீட்ல போயிச் சிரிச்சிருக்கேன். அவரு பாத்துல்லா சொல்லியிருக்காரு.”

“அத்தே...”

“அவருக்கு ஏம்ல அணைக்கல?”

அவனிடம் பதில் இருந்தது. பாதியாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதுதான் அந்தப் பதில். இத்தனை நாள் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது அது நியாயம் மாதிரியே இருந்தது.

மேடையிலிருந்து அவன் பெயரைச் சொன்னார்கள். முனைவர் ஆதிலிங்கம் அவர்கள் பொன்னாடை பெற மேடைக்கு வரவும். இரண்டாவது முறையும் சொன்னார்கள்.

சண்முகக்கனி அவன் முழங்கையை விட்டாள்.

“கூப்புடுதாவ. போ.”

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பூநாரைகளின் பக்கம் போகவில்லை. ஐகோர்ட்டின் பக்கத்தில் போய் நின்று, அவர் கையைப் பிடித்து, பச்சைப் பலகையின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று கைதட்டலில் கேட்கவில்லை.

மூன்றாவது முறையும் பெயரைச் சொன்னார்கள். ஆதிலிங்கம் மேடைக்குப் போனான்.